பிடித்து வைத்தாற் பிள்ளையார்

பிடித்து வைத்தாற் பிள்ளையார், வழித்து எறிந்தாற் சாணி என்பது எம் முன்னோர் வாய்மொழி. இப்பழமொழியின் இரண்டு பாதிகளும் ஒருகால் நீதிமன்றப் படியேறி ஐந்தாண்டுகள் வழக்காடின. அவ்வழக்கு தமிழ் கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் ஒரு நல்ல பாடம் என்பது எமது கருத்து.

1953 ஆம் ஆண்டு மே மாதம் 27 ஆந் திகதி, திருச்சிராப்பள்ளி நகர மண்டபத் திடலில், ஈ. வெ. இராமசாமிப் பெரியார் களிமண்ணாற் செய்த விநாயகர் உருவம் ஒன்றைப் பலர் அறிய உடைத்தார். உருவ வழிபாட்டை மறுப்பது அவர்தம் இயக்கத்தின் கொள்கை. இச்செயலால் மனம் புண்பட்ட சைவர் ஒருவர் அவ்வூர் நீதவானிடம் முறைப்பாடு செய்தார். வழிபாட்டிடத்தையோ, மக்களுள் ஒரு வகுப்பினர் புனிதமாகக் கருதும் பொருளையோ, அவர்தம் சமயத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சிதைப்பது குற்றம் என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295 ஆம் பிரிவு. அதனையே முறைப்பாட்டாளர் முதன்மையாகக் கொண்டார்.

நீதவான் பொலிஸாரிடம் அறிக்கை பெற்றார். பின்பு, சாட்சிகளை அழைத்து விளக்கம் நடத்தாமலே முறைப்பாட்டைத் தள்ளிவிட்டார். உடைந்தது வெறும் மண்ணுரு. கடவுளின் சாயல் உண்டு என்பதனாலேயே அது புனிதப் பொருள் ஆகிவிடாது என்பது அவர் கொண்ட நியாயம். செஷன்ஸ் நீதிபதியிடம் மீளாய்வு வேண்டினார் முறைப்பாட்டாளர், பயனில்லை. சென்னை உயர் நீதிமன்றமும் 1954 இல் அவ்வாறே கூறிற்று. இறுதியில் இந்திய உச்ச நீதிமன்றம் 1958 ஓகஸ்ட் 25 ஆந் திகதி தீர்ப்பளித்தது. கீழ் மன்றுகள் சட்டத்தின் சொற்களுக்கு மிகக் குறுகிய பொருள் கொண்டன என்றும், தன்னளவில் எத்துணை அற்பமானதாயினும், ஒரு வகுப்பினர் புனிதமாகக் கருதுவதாயின், அப்பொருள் சட்டத்தின் காவலுக்கு உட்பட்டதே என்றும் அம்மன்று கூறியது. விவிலியமும் குர்ஆனும் கிரந்த சாகிபும் விக்கிரகங்கள் அல்லவே என்பதையும் எடுத்துக்காட்டியது.

இங்கேதான் இலக்கண ஆசிரியன் காது கொடுக்க வேண்டியவனாகின்றான். புனிதப் பொருள் என்பது வேறு. புனிதமாகக் கருதப்படும் பொருள் என்பது வேறு. முன்னையதிற் பண்பு பொருளின்மேல் நிற்கின்றது. பின்னையதோ செயப்பாட்டு வினை. கருதுவார் யார் என்று வினவினால், ஒரு வகுப்பினர் என்று சட்டமே விடை தருகின்றது. நீதவான் கருதுகின்றாரா என்பது அங்கே கேள்வியன்று. அவர் பெயரடையைப் படித்தார். வினையைப் படியாது விட்டார். ஒரு வினைச்சொல்லை விட்டுப் படித்ததனால் ஒரு மனிதனின் முறைப்பாடு வாயிலிலேயே வீழ்ந்தது.

எமது முற்றத்தைப் பாருங்கள். பொங்கலன்று சாணகத்திலே பிள்ளையார் பிடித்து, அறுகு குத்தி, அதன்முன் கைகூப்பாத சைவ வீடு யாழ்ப்பாணத்தில் உண்டா? அதற்குக் கும்பாபிஷேகம் இல்லை, கோபுரம் இல்லை. விலை கேட்டால் ஒரு சதமும் பெறாது. நாளை அது மரத்தடி மண்ணோடு மண்ணாகும். ஆயினும் இன்று அதனைக் காலால் எற்றுபவனை நாம் சும்மா விடுவோமா?

அங்ஙனமாயின் எவரும் எதனையும் புனிதம் என்று சொல்லி, சீர்திருத்தம் பேசுவார் வாயை அடைத்துவிடலாமே என்பார் சிலர். இது தள்ளத்தக்க ஐயம் அன்று. ஆனால் அதற்கும் சட்டத்திலேயே பூட்டு உண்டு. இழிவுபடுத்தும் நோக்கம் இருந்தது என்று மெய்ப்பித்தல் வேண்டும். கோணிய உருவை உடைத்து மீண்டும் பிசையும் குயவன் குற்றவாளி அல்லன். பூசை முடிந்தபின் நீரிற் கரைப்பவனும் அல்லன். திருச்சியில் உடைத்தவரும், பழிப்பது என் நோக்கமன்று, மக்களைச் சிந்திக்கச் செய்வதே நோக்கம் என்று மன்றில் நின்று வாதாடியிருக்கலாம். அவ்வாதம் வென்றிருக்கவும் கூடும். வாயிற்கதவு சாத்தப்பட்டமையால், புண்பட்டவர் கேட்கப்படும் உரிமையை இழந்தார். உடைத்தவரோ தம் கொள்கையை நீதியின் முன் நிறுவும் வாய்ப்பை இழந்தார். கண்ணகியை வாயிலில் மறிக்காது அழைத்துக் கேட்டான் பாண்டியன். ஆயினும் கோவலனைக் கேளாது விட்ட பிழை அவனைக் கொன்றது. முறையிடுவோனையும் பழி சுமத்தப்பட்டோனையும் ஒருங்கே கேட்பதுதான் முறை.

உச்ச நீதிமன்றம் இறுதியிற் செய்தது யாது? சொல்லுக்கு நேரிய பொருள் உரைத்தது. ஆனால் வழக்கு நாட்பட்டுப் பழையதாயிற்று என்று கூறி, மேலும் விசாரிக்கும்படி பணிக்காமல் மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது. ஆறிய புண்ணைக் கிளறாதிருத்தல் ஒருவகையில் விவேகமே. எனினும் ஐந்தாண்டு சென்றது முறைப்பாட்டாளர் குற்றமா? படிப்படியாக ஏறியவர் அவர். ஒவ்வொரு படியிலும் பிழையாகத் தடுத்தவை மன்றுகள். அவர் கையில் எஞ்சியது ஓர் உரை விளக்கம் மாத்திரமே. உரையாசிரியர்க்கு அது போதும். நீதி தேடிச் சென்றவர்க்குப் போதாது.

இது அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்கற்க. 1883 ஆம் ஆண்டின் எமது தண்டனைச் சட்டக்கோவையில் 290 ஆம் பிரிவு ஏறத்தாழ அதே சொற்களால் ஆனது. இன்றும் நின்று நிலவுகின்றது. இந்தியாவிற் பழைய சட்டத்தை நீக்கி 2024 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 298 ஆம் பிரிவும் அச்சொற்களைக் கைவிடவில்லை. நீதவானின் கட்டளையை மீளாய்வு செய்யும் அதிகாரம், 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின் வழியே, எமது மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் உண்டு. கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வழி அண்மையில் இருக்கின்றது. அவ்வழியிற் செல்பவனுக்குக் காலத்தோடு விடை கிடைத்தல் வேண்டும் என்பதே நாம் கேட்பது. சைவனின் சாணகப் பிள்ளையாருக்கும், பௌத்தனின் அரசமரத்துக்கும், கிறிஸ்தவனின் சிலுவைக்கும், முஸ்லிமின் திருமறைக்கும் காவல் ஒன்றே. அக்காவல் நீதவானின் நம்பிக்கையைப் பொறுத்ததன்று.

மாணவர்க்கு ஒன்று சொல்லி முடிப்பாம். இலக்கணம் பரீட்சைக்கு மட்டும் உரியது என்று எண்ணற்க. ஒரு வினைச்சொல்லைக் கவனியாது விட்டமையால் மூன்று மன்றுகள் வழி தவறின. சொல்லைச் செவ்வனே படிக்கும் பழக்கம் பள்ளியிலே தொடங்கட்டும். நாளை உங்களுள் ஒருவர் அந்த ஆசனத்தில் அமரக்கூடும். ஏழை ஒருவன் முறைப்பாட்டோடு வாயிலில் நிற்கக்கூடும்.