எந்த ஊருக்கு எப்போது கம்பி வரும்?

சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 60 கோடிப் பேர் இன்னும் மின்சாரம் இல்லாமல் வாழ்கிறார்கள். 2030-க்குள் 30 கோடிப் பேருக்கு இணைப்பு தருவதாக உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் 2024-ல் அறிவித்தன. 2025 ஜனவரியில் டார் எஸ் சலாம் மாநாட்டில் 12 நாடுகள் தத்தம் திட்டங்களை முன்வைத்தன. இந்த முயற்சியை வரவேற்கிறோம். ஆனால், எந்த ஊருக்கு மின்கம்பி, எந்த ஊருக்குச் சூரிய மின்சாரம், எந்த ஆண்டில் என்று ஊர்வாரியாக வெளியிடாத அரசுக்குப் பணம் போகக் கூடாது.

வங்கதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். 2003-ல் தொடங்கிய வீட்டுச் சூரிய மின் திட்டம் 40 லட்சம் வீடுகளைத் தாண்டியது. கூரையில் ஒரு பலகை, மூலையில் ஒரு பேட்டரி, மூன்று நான்கு பல்புகள், மாதத் தவணை. மண்ணெண்ணெய்ப் புகையில்லாமல் பிள்ளைகள் படித்தார்கள். மறுபக்கம், ஊரக மின்வாரியம் தன் போக்கில் கம்பி இழுத்துக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு, இன்னொரு அரசுத் திட்டம் அதே சாதனத்தை இலவசமாகக் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்குச் சும்மா கிடைப்பதற்குத் தான் ஏன் தவணை கட்ட வேண்டும்? பலர் நிறுத்திவிட்டார்கள். கடன் வாங்கிப் பொருத்திக் கொடுத்த நிறுவனங்கள் வாராக்கடனில் சிக்கின. 2022-ல் நாடு முழுவதும் மின்சாரம் வந்துவிட்டதாக அரசு அறிவித்தது. அது பெரிய சாதனைதான். ஆனால், துறைகள் கலந்து பேசியிருந்தால் ஏழைகளின் தவணைப் பணம் வீணாகியிருக்காது.

கென்யாவில் கதை வேறு. நாட்டின் மேற்குப் பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்ட கிராமங்களை ஆய்வாளர்கள் பார்த்தபோது, நூற்றுக்கு ஐந்து வீடுகளுக்குத்தான் இணைப்பு இருந்தது. இணைப்புக் கட்டணம் 35,000 ஷில்லிங்; கூலி வேலை செய்பவர் அதற்கு எங்கே போவார்? கம்பத்தைத் திட்டமிட்டவர்கள் கட்டணத்தைத் திட்டமிடவில்லை. 2015-ல்தான் அதைக் குறைத்தார்கள்.

ருவாண்டா 2009-ல் அமைச்சகம், மின்வாரியம், நிதி தருவோர் அனைவரையும் ஒரே திட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. பிறகு, கம்பிக்கான ஊர்களையும் சூரிய மின்சாரத்துக்கான ஊர்களையும் வரைபடத்தில் பிரித்துக் காட்டியது. 2009-ல் பத்தில் ஒரு வீட்டில்கூட மின்சாரம் இல்லை. இன்று நான்கில் மூன்று வீடுகளில் இருக்கிறது. சின்ன நாடு, நெருக்கமான ஊர்கள், அதனால் முடிந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால், காங்கோ போன்ற பரந்த நாட்டில் ஒரு கம்பியைத் தவறான பக்கம் இழுத்தால் நஷ்டம் இன்னும் பெரிது.

வரைபடம் போடும்வரை இருட்டில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. வீடுகளின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் படங்களே காட்டிவிடும் இக்காலத்தில், இது சில மாத வேலை. வரைபடத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களை முதலில் குறிக்க வேண்டும். தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும் குளிர்பெட்டி மூன்று பல்புக்கான பேட்டரியில் ஓடாது. ஊருக்குக் கம்பி வந்து சேர்ந்தால் ஏற்கெனவே அங்கிருக்கும் சிறு மின்நிலையத்தின் கதி என்ன என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அந்த நிலையத்தை நடத்துபவருக்கான இழப்பீட்டுக்கு நைஜீரியா 2017-லேயே விதி வகுத்துவிட்டது. இவ்வளவையும் உள்ளூர் மொழியில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிய பிறகு வங்கிகள் நிதியின் முதல் தவணையை விடுவிக்கட்டும்.