தராசின் தேக்கமும் பட்டினி உபதேசமும்

உடலின் எடையைக் குறைக்க முனைந்த ஒருவருக்குச் சில மாதங்கள் எடை இறங்கி, பின் ஓரிடத்தில் அசையாது நின்றுவிடுவது உண்டு. இதனை எடைத் தேக்கம் எனலாம். இத்தேக்கத்தைக் கண்டவுடன், முயன்றவர் மனவுறுதி குன்றிவிட்டார் என்று தீர்ப்புக் கூறுவோர் பலர். ‘இன்னும் குறைத்து உண்’ என்பதே அவர்கள் விதிக்கும் தண்டனை. இத்தீர்ப்பு எங்கே வழங்கப்படினும் பிழையானது. வன்னிப் பெருநிலத்திலே வழங்கப்படும்போது அது கொடியதுமாகும்.

வன்னியில் எடைக்குறைப்பைப் பற்றிப் பேசுவதே பொருத்தமற்றது என வாதிடுவோரும் உளர். 2009இல் உப்பும் அரிசியும் இட்டுக் காய்ச்சிய கஞ்சியில் உயிர்பிழைத்த மக்களிடம் பருமனைப் பற்றிப் பேசுவதா என்பது அவர்தம் கேள்வி. கேள்வியிலுள்ள உணர்வு மதிக்கத்தக்கது; ஆனால் அதிலுள்ள அனுமானம் தவறானது. வறுமையும் பருமனும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருளின்றித் துவிச்சக்கர வண்டியிலேயே நடந்தேறியது வன்னியின் வாழ்க்கை. இன்று அவ்விடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துள்ளது. ஊரே கூடிச்செய்த அரிவு வெட்டை இயந்திரம் சில மணிநேரத்தில் முடித்துவிடுகின்றது. பாண் விற்கும் முச்சக்கர வண்டி குடிமனை வாசல்வரை வருகின்றது. உடலுழைப்புக் குறைந்தது, மாவும் சீனியும் குறையவில்லை. தெற்காசியருக்கு ஒப்பீட்டளவில் குறைந்த எடையிலேயே நீரிழிவு தோன்றுகின்றது. ஆசியரைப் பொறுத்தவரை உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துரைத்தமையும் இதனாலேயே. எனவே எடையைப் பற்றிய பேச்சு வன்னிக்குப் புறம்பானதன்று. புறம்பானது, அப்பேச்சில் கலந்துள்ள பட்டினி உபதேசமே.

உபதேசிகள் நம்பியிருப்பது ஒரு பழைய கணக்கு. 1958 முதல் வழங்கிவரும் அக்கணக்கின்படி 3500 கிலோகலோரி குறைத்தால் ஓர் இறாத்தல் எடை குறையும். இதன்படி நாளொன்றுக்கு 240 கிலோகலோரி குறைத்து உண்பவர் ஆண்டுதோறும் 11 கிலோவுக்கு மேல் இழந்துகொண்டேயிருத்தல் வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறத்தாழ ஆறாண்டு முடிவில் தராசிலிருந்தே மறைந்துவிடுவார்! இத்தகைய முடிவுக்கு இட்டுச்செல்லும் கணக்கைக் கொண்டு மனிதரின் ஒழுக்கத்தை அளப்பது எங்ஙனம் தகும்?

உடல் சாக்கு மூட்டையன்று. இழப்புக்கேற்பத் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும் உயிர்ப்பொறி அது. எடை குறைந்த உடலை இயக்கக் குறைந்த சக்தியே போதும். அதற்கு மேலாகவும் அது சிக்கனம் பிடிக்கின்றது. கெவின் ஹோலும் அவர்தம் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 24 கிலோகலோரி நிலையாகக் குறைத்தால் இறுதியில் 1 கிலோ எடை குறையும். அக்குறைவின் பாதியை அடையவே ஏறத்தாழ ஓராண்டு செல்லும் என்பது அதன் முடிவு. மேற்கூறிய 240 கிலோகலோரி குறைப்பு முதலாண்டில் 5 கிலோவையும் இறுதியில் 10 கிலோவையும் குறைத்துப் பின் நின்றுவிடும். நிற்பது தோல்வியன்று, அது கணக்கின் விடை.

ஆயினும் பலருக்கு எடை ஆறுமாதமளவிலேயே நின்றுவிடுகின்றதே என்று வினவலாம். அதற்கும் விடையுண்டு. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிலோகலோரி அளவு கூடுவதாக 2016இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. ஐந்து கிலோ இழந்தவரை நாள்தோறும் ஒரு நேர உணவுக்கு ஒப்பான பசி துரத்துகின்றது. அவர் அறியாமலே அகப்பை சற்று நிறைகின்றது. இதனை மனவுறுதியின்மை என்பது, எதிர்காற்றில் துவிச்சக்கர வண்டி மிதிப்பவனைச் சோம்பேறி என்பதை ஒக்கும்.

இங்கே உபதேசிகளின் இறுதி வாதம் எழுகின்றது. பஞ்சத்திலும் முற்றுகையிலும் அகப்பட்டோரில் பருத்தவர் எவரையும் காணமுடியாது. ஆதலால் உண்ணாதிருந்தால் எவரும் மெலிவர் என்பர். மெலிவர் என்பதை மறுப்பாரில்லை. எதை இழந்து மெலிந்தனர், பின்னர் என்ன நேர்ந்தது என்பவையே கேட்கவேண்டிய கேள்விகள். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் 1944–45இல் 36 இளைஞரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். 24 வாரம் அரைப்பட்டினியிருந்த அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கிலொன்றை இழந்தனர். கொழுப்போடு தசையும் கரைந்தது. சோர்வும் எரிச்சலும் உணவைப் பற்றிய ஓயாத எண்ணமும் அவர்களைப் பீடித்தன. மீண்டும் உண்ணத் தொடங்கியபோது, தசை முழுதாக மீளுமுன்பே கொழுப்பு முன்னைய அளவைத் தாண்டியது. அதே 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நிலவிய பஞ்சத்தின்போது கருவிலிருந்தோர், ஐம்பது வயதளவில் குருதிச் சீனியைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் குன்றியோராகக் காணப்பட்டனர்.

ஆகவே பட்டினி கடந்துபோவதன்று, உடலில் தங்குவது. 2009இல் முள்ளிவாய்க்காலின் பசியைக் கண்டு, பின் மனிக் பாம் முகாமில் வரிசையில் நின்று உணவுபெற்ற தாயொருத்தி இன்று நீரிழிவுக்கு மருந்தெடுக்கும்போது, அவளிடம் ‘பட்டினி கிட’ என்பது மருத்துவமாகாது. இன்சுலினோ சீனியைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர் வைத்தியரின் ஆலோசனையின்றி உணவைத் தவிர்த்தால் குருதிச் சீனி திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். கொழுப்பைக் கரைப்பதாகக் கூறி விற்கப்படும் தூள்களும் பானங்களும் இத்தேக்கத்தால் மனம் சோர்ந்தோரையே தம் வாடிக்கையாளராக்குகின்றன.

எனில் செய்யத்தக்கது யாது? முதலாவது, தேக்கம் வரும் என்பதைத் தொடக்கத்திலேயே கூறுதல். வருவதை அறிந்தவர் அது வந்தபோது கைவிடமாட்டார். இரண்டாவது, விரைவை நாடாது நெடுங்காலம் தாங்கக்கூடிய சிறு மாற்றங்களை நாடுதல். நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரு தேக்கரண்டி சீனி எனின் அதுவே 160 கிலோகலோரி. அச்சீனியை மட்டும் விட்டு, ஏனையவற்றைக் கூட்டாதிருப்பின் காலப்போக்கில் ஆறு கிலோவுக்கு மேல் குறைய இடமுண்டு. மூன்றாவது, தசையைக் காத்தல். முல்லைத்தீவுக் கடல்மீனும் குளத்துமீனும் பயறும் கௌபியும் வன்னிக்கு அந்நியமானவையல்ல. தட்டில் சோற்றின் பங்கைச் சற்றே சுருக்கி இவற்றின் பங்கைக் கூட்டலாம். மண்வெட்டி பிடித்தல், நீர் சுமத்தல் போன்ற பாரவேலையோ அதற்கீடான பயிற்சியோ வாரத்தில் இருமுறையேனும் வேண்டும். நான்காவது, எடை நின்றபின் பட்டினியை நாடாது, ஒருவாரம் உண்பதையும் பருகுவதையும் எழுதிப்பார்த்தல். நழுவிய இடம் அதில் தெரியும். நழுவல் இல்லையெனின், அவ்வெடையிலேயே சிலகாலம் நிலைத்திருத்தலும் ஒரு வெற்றியே.

தராசு மட்டுமே நீதிபதியன்று. சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நிகழ்ந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதற்குச் சான்று. நீரிழிவின் வாயிலில் நின்றோர் உணவையும் நடமாட்டத்தையும் திருத்திக்கொண்டனர். மூன்றாண்டளவில் அவர்களிடையே நோய் தோன்றுவது 28.5 சதவீதத்தால் குறைந்தது. அவர்களது எடையிலோ குறிப்பிடத்தக்க மாற்றமில்லை! முள் அசையாதபோதும் உடல் நலமுற்றது. எனவே இடுப்பின் சுற்றளவும் குருதிச் சீனியும் நடக்கும் வலுவும் எடையோடு சேர்த்து அளக்கப்படல் வேண்டும்.

இவையனைத்தையும் தனிமனிதர் தலையில் சுமத்துவதும் அநீதியே. வாகனம் விரையும் ஏ9 வீதியோரத்தில் மாலையில் நடக்க அஞ்சும் பெண்ணிடம் ‘நட’ என்று கூறிவிடல் எளிது. அவள் நடப்பதற்குக் குளக்கட்டிலோ பாடசாலை மைதானத்திலோ வெளிச்சமும் பாதுகாப்பும் உள்ள இடம் அமைத்தல் அரிது. அரியதைச் செய்யாது எளியதைக் கூறுவோர்க்குத் தீர்ப்புக் கூறும் உரிமை ஏது? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகக் கல்வி வேரூன்றிவிட்டது. அங்கு உருவாகும் அறிவு இம்மக்களின் அடுக்களையையும் நடைபாதையையும் எட்டுதல் வேண்டும். ஒருமுறை பட்டினியால் வருத்தப்பட்ட நிலத்துக்கு, அறிவின் பெயரால் மீண்டும் பட்டினியைப் பரிந்துரைத்தல் தகாது.