மூன்று வேளைச் சோறும் ஒரு வெள்ளியும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தப் பள்ளி மைதானத்தைக் கடந்தாலும் எனக்கு ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜன் நினைவு வந்துவிடும். கத்தக்குறிச்சியில் செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள். ஓட்டக்காரரான தாத்தா, 13 வயதுப் பேத்திக்கு வீட்டுக்கு வெளியே மண்தரையில் ஓடக் கற்றுக்கொடுத்து, ஷூவும் வாங்கித் தந்தார். எட்டாம் வகுப்பில் ஓடிய முதல் போட்டியில் ஒரு தகரக் கோப்பை கிடைத்தது. பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் மேலும் 13 கோப்பைகள் சேர்ந்தன.

இதைக் கவனித்த பக்கத்துப் பள்ளியின் பயிற்சியாளர் சாந்தியைத் தம் பள்ளிக்கே அழைத்துக்கொண்டார். கட்டணம் கிடையாது, சீருடை உண்டு, மதியம் சுடுசோறு உண்டு. சாந்தி மூன்று வேளையும் சாப்பிடத் தொடங்கியது அங்கே சேர்ந்த பிறகுதான். நம் ஊர்ப் பிள்ளைகள் வீரர்களாவது இப்படித்தான்: முதலில் ஒரு ஆசிரியர் கண்ணில் பட வேண்டும், அடுத்து வயிறு நிறைய வேண்டும். பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகு.

புதுக்கோட்டையில் கல்லூரி, பிறகு சென்னை. 2005இல் தென்கொரியாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் மறுபடியும் வெள்ளி. நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி, மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனையைவிட 0.03 விநாடி முன்னால்.

அதன்பின் பாலினப் பரிசோதனை. தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருக்கும் மருத்துவருக்கும் மட்டும் தெரிய வேண்டியது ஊரெல்லாம் செய்தியானது. சாந்தி எந்த மருந்தும் எடுத்து ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். ஆனால் சாந்தி சார்பில் மேல்முறையீடு செய்ய எந்த விளையாட்டு அமைப்பும் முன்வரவில்லை. 2012இல் அவரும் பெற்றோரைப் போலச் செங்கல் சூளையில் கூலி வேலைக்குப் போனார்.

2014இல் ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை தூத்தி சந்துக்கும் இதேபோலப் பிறந்த உடம்பைக் காரணம் காட்டித் தடை வந்தது. இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. வழக்கு சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. 2015இல் அந்தத் தடைக்குக் காரணமான விதி நிறுத்திவைக்கப்பட்டது. 2018 ஆசிய விளையாட்டில் தூத்தி இரண்டு வெள்ளி வென்றார். அந்தத் துணை 2006இல் சாந்திக்குக் கிடைத்திருக்க வேண்டும். ஒரு கிராமத்துப் பள்ளி தன் மாணவிக்குச் செய்ததை ஒரு நாடு தன் வீராங்கனைக்குச் செய்யவில்லை.

2016இல் தமிழக அரசு சாந்திக்கு நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கொடுத்தது நல்ல காரியம். ஆனால் 2025 முதல் உலகத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட மரபணுப் பரிசோதனை கட்டாயம். நாளை நம் மாவட்டத்துப் பெண் ஒருத்தி அந்தப் பரிசோதனைக்கு நிற்கும்போது, முடிவைத் தமிழில் விளக்க ஒரு மருத்துவரும், வாதாட ஒரு வழக்கறிஞரும், இரகசியத்தைக் காக்கும் ஏற்பாடும் அவளோடு இருக்க வேண்டும். பதக்கம் வாங்கும்போது கைதட்டும் அரசு, இதை இன்றே எழுத்தில் உறுதி செய்யட்டும்.