கூர்க்காவின் இடுப்பில் இருப்பது

இரவில் தெருவில் விசில் ஊதிக்கொண்டு போகும் கூர்க்காவைப் பார்க்காத தமிழர் குறைவு. மாதம் பிறந்தால் வாசலில் வந்து ஒரு சலாம் வைப்பார். பத்தோ இருபதோ கொடுப்போம். அவர்களில் பலர் கூர்க்காக்களே அல்ல என்பது வேறு கதை. இடுப்பில் வளைந்த கத்தி ஒன்று தொங்கும். அதை அவர் உருவி நான் பார்த்ததில்லை. உருவினால் ரத்தம் பார்க்காமல் உறைக்குள் போகாது, எதிரி கிடைக்காவிட்டால் தன் விரலையே கீறிக்கொள்வார் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவர் காதில் ஒருவர் ஓதியிருக்கிறோம்.

பல ஆண்டுகள் கழித்து டேராடூனில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கூர்க்கா ரைஃபிள்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நேபாளத்துக்காரர், பென்ஷனோடு டேராடூனிலேயே தங்கிவிட்டார். அவரை நான் 'தாஜு' என்று கூப்பிடுவேன். நேபாளியில் அண்ணன். தாஜு விழுந்து விழுந்து சிரித்தார். "காலையில் இதே குக்ரியால் முள்ளங்கி நறுக்கினேன், சாப். முள்ளங்கிக்கு ஏது ரத்தம்?"

என்னிடமும் ஒரு குக்ரி இருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கான கடை ஒன்றில் வாங்கியது. முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு, உறையில் பித்தளைச் சிங்கம். பொங்கலுக்குத் தேங்காய் உடைக்க அதை எடுத்தேன். இரண்டாவது அடியில் பிடி என் கையில் நின்றது; கத்தி அடுப்பைத் தாண்டிப் போய் விழுந்தது. நல்லவேளை, சமையலறையில் வேறு யாரும் இல்லை. துண்டுகளைப் பார்த்த தாஜு, "இது சுவருக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு தன் கத்தியைக் கொண்டுவந்து, அதன் முதுகால் தேங்காயை ஒரு தட்டு தட்டினார். சரிபாதி.

அவருடைய குக்ரியில் பளபளப்பு ஒன்றும் இல்லை. அது அவர் அப்பாவின் கத்தி. அப்பாவும் பட்டாளத்துக்காரர். கறுத்துப்போன இரும்பு, கை பட்டுப் பட்டு வழவழத்த மரப் பிடி. முதுகுப் பக்கம் ஏறக்குறைய சுண்டுவிரல் கனம். அங்கிருந்து சரிந்து சரிந்து வாய்ப் பக்கம் சவரக்கத்தியாக முடிகிறது. அலகு 10 அல்லது 11 அங்குலம் இருக்கும். எடை அரைக் கிலோவுக்கு மேல். அந்த எடையில் பெரும்பங்கு பிடியில் இல்லை, முன்னால் வயிறு தள்ளியிருக்கும் பகுதியில் இருக்கிறது. இளநீர் சீவுகிறவரின் கையைக் கவனித்திருப்பீர்கள். மணிக்கட்டைச் சற்று அசைப்பார், மிச்சத்தை அரிவாளின் கனம் பார்த்துக்கொள்ளும். குக்ரியின் வேலையும் அதேதான். அரிவாளால் குத்த முடியாது. குக்ரிக்குக் கூரான முனையும் உண்டு.

நல்ல குக்ரி பிறப்பது பெரும்பாலும் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து. நம் ஊர்க் கொல்லர்களும் தேடி வாங்குகிற இரும்புதான். நேபாளத்தில் போஜ்பூர், தரான் பக்கத்துக் கொல்லர்களுக்கு இதில் பெயர் அதிகம். பட்டையைக் காய்ச்சி அடித்து உருவம் வந்த பிறகு நடக்கும் தோய்ச்சலில்தான் விஷயம் இருக்கிறது. சிவக்கக் காய்ந்த கத்தியை அப்படியே தண்ணீரில் அமுக்கிவிடுவதில்லை. தேநீர்க் கெண்டியில் தண்ணீர் எடுத்து, வெட்டும் வாய் நெடுகிலும் மட்டும் மெல்ல ஊற்றிக்கொண்டு போகிறார் கொல்லர். வாய் சட்டென்று குளிர்ந்து கெட்டிப்படுகிறது. முதுகு தன் போக்கில் ஆறி, கொஞ்சம் இளகிய தன்மையோடு நிற்கிறது. முழுவதும் கெட்டியாக இருந்தால் எலும்பிலோ கல்லிலோ பட்டதும் கண்ணாடி மாதிரி தெறித்துவிடும். முழுவதும் இளகியிருந்தால் இரண்டு வெட்டில் மழுங்கும். இரண்டும் ஒரே இரும்பில் சேர்ந்திருப்பதால்தான் அப்பாவின் கத்தி மகனுக்கு வருகிறது. கெண்டியை எந்த நேரத்தில் சாய்ப்பது, எப்போது நிறுத்துவது என்பதை இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். எந்த அளவுகோலும் கிடையாது.

உறைக்குள் இன்னும் இரண்டு சிறு கத்திகள் செருகியிருக்கும். ஒன்று 'கர்தா', தோல் உரிக்க, காய் நறுக்க. மற்றது 'சக்மக்', வாய் மழுங்கலானது. அதைத் தீட்டுக்கோலாகவும் வைத்துக்கொள்ளலாம், சிக்கிமுக்கிக் கல்லில் உரசித் தீயும் மூட்டலாம். பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வெட்டு எதற்கு என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். ரத்தம் பிடிக்கு வராமல் சொட்டுவதற்கு என்பார் ஒருவர். பசுவின் குளம்பு என்பார் இன்னொருவர். தாஜுவைக் கேட்டேன். "அது இல்லாவிட்டால் குக்ரி மாதிரி இருக்காது." எனக்கு இந்த விளக்கமே போதும்.

பட்டாளத்தில் அதை எதற்கு அதிகம் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டபோது தாஜு விரல்விட்டு எண்ணினார்: புதர் வெட்ட, விறகு பிளக்க, மூங்கில் சீவ, கூடாரத்துக்கு முளை செதுக்க, டின் திறக்க, ஆடு வெட்ட. சண்டைக்கு? "எனக்கு அந்த வேளை வரவில்லை" என்றார், குறைப்பட்டுக்கொள்ளாமல்.

வேறு ஒருவருக்கு விசித்திரமாக வந்தது. 1971 வங்கதேசப் போரில் ஐந்தாம் கூர்க்கா ரைஃபிள்ஸின் நான்காம் பட்டாலியன் ஹெலிகாப்டர்களில் சில்ஹெட் அருகே இறங்கியது. அதில் மேஜராக இருந்தவர் இயன் கார்டோசோ, மும்பைக்காரர். கண்ணிவெடியில் அவர் கால் சிதைந்தது. மார்ஃபின் இல்லை, அறுக்கக் கருவியும் இல்லை. தன் குக்ரியைக் கொண்டுவரச் சொல்லி, உதவியாளரான கூர்க்கா வீரரிடம் காலை வெட்டச் சொன்னார். அவர் மாட்டேன் என்றார். கார்டோசோ தானே வெட்டிக்கொண்டார். வெட்டிய காலைப் புதைத்துவிடும்படியும் சொன்னார். பிறகு அவருக்கு அறுவை சிகிச்சை செய்தவர், சிறைபிடிக்கப்பட்டிருந்த பாகிஸ்தான் ராணுவ மருத்துவர். மரக்காலோடு திரும்பி வந்து காலாட்படை பட்டாலியனுக்கே தலைமை ஏற்றார் கார்டோசோ. மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். குக்ரியின் வீரக்கதைகளில் என்னை அசைத்தது இதுதான். எதிரியின் கழுத்து இதில் எங்கும் வரவில்லை.

கழுத்துக் கதைகளுக்கும் பஞ்சமில்லை; அவை டேராடூனிலேயே தொடங்குகின்றன. ஊருக்கு வெளியே நாலாபாணிக் குன்றில் 1814-ல் பலபத்ரனின் கூர்க்காக்கள் ஒரு சிறு கோட்டையை வைத்துக்கொண்டு கம்பெனிப் படையைத் திணறடித்தார்கள். அக்டோபர் 31 அன்று அங்கே சுடப்பட்டுச் செத்த ஆங்கிலேய ஜெனரல் யார் தெரியுமா? ராபர்ட் கில்லெஸ்பி. 1806 ஜூலையில் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்து வேலூர்ப் புரட்சியை அடக்கினாரே, அதே ஆள். கடைசியில் தண்ணீரைத் தடுத்த பிறகுதான் கோட்டை வீழ்ந்தது. ஆங்கிலேயர் அங்கே எழுப்பிய இரண்டு தூண்களில் ஒன்று கில்லெஸ்பிக்கும் அவரோடு இறந்தவர்களுக்கும், மற்றொன்று பலபத்ரனுக்கும் அவன் வீரர்களுக்கும். மறு வருடமே கூர்க்காக்களைத் தங்கள் படையில் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். 1947-ல் பத்து ரெஜிமெண்டுகளைப் பங்கிட்டபோது இந்தியாவுக்கு ஆறு வந்தன. இன்று ஏழு.

நாம் ஆயுத பூஜை கொண்டாடும் அதே நாட்களில் நேபாளத்தில் தசைன். குக்ரிக்குப் பொட்டும் பூவும் உண்டு. அதைச் செய்கிற கொல்லர் 'காமி' சாதி, தலித். தீண்டாமையை நேபாளச் சட்டம் 1963-லேயே நீக்கியது. 2011-ல் தண்டனைக்குரிய குற்றமாகத் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் தாஜுவின் சிறுவயதில், கத்தி செய்து கொண்டுவரும் காமி வீட்டு முற்றத்தோடு நிற்பார். "கத்தி உள்ளே போகும். அவர் வர மாட்டார்" என்றார் தாஜு. சற்று நேரம் கழித்து, "அப்பாவின் கத்தியைச் செய்தவர் பெயர்கூட எனக்குத் தெரியாது" என்றார். கத்தியில் ரெஜிமெண்ட் முத்திரை இருக்கிறது, அவர் அப்பாவின் எண் இருக்கிறது. கொல்லர் பெயருக்கு இடமில்லை.

2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுப் பணி, அதற்கு மேல் நான்கில் ஒருவருக்கு மட்டும் நிரந்தரம். பென்ஷனோடு வந்த பழைய ஏற்பாட்டுக்கு இது ஒத்துவரவில்லை என்று நேபாளம் தன் மண்ணில் ஆள்சேர்ப்பை நிறுத்திவைக்கச் சொன்னது. அந்த வருடம் தாஜுவின் அண்ணன் பேரன் ஊரில் தினமும் விடியற்காலையில் மலையேறி ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். தேர்வுக்கு யாரும் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, வளைகுடா நாடு ஒன்றில் காவல் வேலைக்குப் போய்விட்டான்.

அப்பாவின் குக்ரியை அவனுக்கு என்றுதான் தாஜு வைத்திருந்தார். விமானத்தில் எடுத்துப்போக விடமாட்டார்கள். அங்கே வேலையிலும் அதற்கு அனுமதி இல்லையாம். ஒரு விசில் கொடுத்திருக்கிறார்கள். கத்தி டேராடூன் சமையலறையில்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை கடுகெண்ணெய் தடவுகிறார்.