இணைய ஏலமும் பழைய இசைத்தட்டும்

மௌலா அலி ரயில்வே குடியிருப்பில் நாங்கள் வாழ்ந்த வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. ரயில் இஞ்சின் பணிமனையில் வேலை பார்த்த என் தந்தையார், ஓய்வு கிடைத்த வியாழக்கிழமைகளில் ஜுமேராத் பஜாருக்குச் சென்று பேரம் பேசி வாங்கிய இசைத்தட்டுகள் அதில் இருந்தன. அவர் மறைந்த பின், பழைய பொருள் வாங்க வந்தவர் அவற்றை எடைபோட்டு விலை கூறினார். உறவினர் ஒருவரோ இணைய ஏலத் தளத்தைக் கைப்பேசியில் காட்டி, "இவை பல இலட்சம் பெறும்" என்றார். இரண்டு கணக்கும் தவறு என்பது பின்னர்தான் விளங்கியது.

இணைய ஏலம் மறைந்து கிடந்தவற்றை வெளிக்கொணர்ந்தது என்பதில் ஐயமில்லை. ரூபா பிஸ்வாஸ் பாடிய 'டிஸ்கோ ஜாஸ்' கனடாவின் கால்கரி நகரில் பதிவாகி, 1982இல் இந்தியாவில் வெளியானது. அன்று விற்பனை சோபிக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் அதைத் தேடத் தொடங்கியதும், மூலத்தட்டின் விலை நூற்றுக்கணக்கான டாலராக உயர்ந்தது. அமெரிக்க 'சோல்' இசையில் இதனினும் பெரிய சான்று உண்டு. பிராங்க் வில்சன் 1965இல் பாடிய ஒரு தட்டின் பிரதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் ஒன்று 2009இல் பிரிட்டனில் 25,742 பவுண்டுக்கு ஏலம் போயிற்று.

இத்தகைய செய்திகளே நம்மை மயக்குகின்றன. ஏலம் நடக்கும் முறையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் 50,000 ரூபாய் வரை தர ஆயத்தமாக இருக்கலாம். அடுத்தவர் 8,000 ரூபாயில் நின்றுவிட்டால், எட்டாயிரத்துக்குச் சற்று மேலேயே ஏலம் முடிந்துவிடும். ஆக, விலையை நிர்ணயிப்பவர் வென்றவர் அல்லர், தோற்றவர்களுள் முதல்வரே. வென்றவர்க்கு அத்தட்டு கிடைத்துவிட்டபடியால், அடுத்த பிரதி வரும்போது அவர் ஏலத்தில் இருக்கமாட்டார். அப்போது விலை சரிவது இயல்பே. ஓர் ஏலத்தின் முடிவு, அன்று அங்கிருந்த இருவருடைய ஆவலின் அளவு. அதனைச் சொத்து மதிப்பாகக் கொள்ளலாகாது.

இதற்கு மறுபுறமும் உண்டு. முன்பு நம் ஊர்க் கடையில் ஒரே பிரதியாக இருந்ததால் அரியதெனத் தோன்றிய தட்டு, இன்று தளத்தில் பத்துப் பேரிடம் விற்பனைக்கு இருப்பது தெரிகிறது. அரியதன் விலை ஏறுகிறது. பரவலாகக் கிடைப்பதன் விலை இறங்குகிறது. பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் இருப்பவை இரண்டாம் வகையே.

மூலத்தட்டு எத்தனை கை மாறினாலும், அந்த விற்பனையில் பாடியவர்க்குப் பங்கு கிடைப்பதில்லை என்பதையும் மறத்தல் கூடாது. 'டிஸ்கோ ஜாஸ்' 2019இல் முறைப்படி மறுபதிப்பாக வந்தது. கேட்பதே நோக்கமாயின், அத்தகைய மறுபதிப்பை வாங்குவதே முறை என்பது என் கருத்து.

ஆகவே, இசைத்தட்டைச் சேமிப்பாகக் கருத வேண்டாம். குப்பையாகவும் தள்ள வேண்டாம். விற்பவர் கேட்கும் விலையை விடுத்து, உண்மையில் விற்று முடிந்த விலைகள் பலவற்றை ஒப்பிடுங்கள். கீறல், உறையின் நிலை, எந்த ஆண்டின் அச்சு என்பவற்றை ஒளிவின்றிக் குறிப்பிடுங்கள். தளத்தின் கட்டணம், அஞ்சல் செலவு ஆகியவற்றைக் கழித்தே இலாபத்தைக் கணக்கிடுங்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண் தேவையில்லை. வாங்குபவர் அதனைக் கேட்டால் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

எங்கள் பெட்டியில் ஏலத்துக்குத் தகுதி பெற்றவை மூன்றே. அவற்றை விற்ற பணம் தம்பி மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதிக்கு உதவியது. எஞ்சியவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கிறோம்.