கறிவேப்பிலையில் ஒரு கொலை!

உங்க ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னாடி கறிவேப்பிலை மரம் இருக்கா பாஸ்? அப்படின்னா இந்த வார அசைன்மென்ட் ரெடி. நாளைக்குக் காலையில பல் விளக்கின கையோட அங்கே போய் நில்லுங்க!

கொழுந்து இலைகளை மெதுவாகப் புரட்டிப் பாருங்கள். கடுகு சைஸில், வெளிர் மஞ்சளாக, உருண்டையாக ஒரு புள்ளி ஒட்டியிருந்தால், கங்கிராட்ஸ்! லைம் பட்டர்ஃப்ளை என்கிற வண்ணத்துப்பூச்சியின் முட்டையாக இருக்கலாம். எலுமிச்சை, நாரத்தையிலும் தேடலாம்.

சில நாட்களில் முட்டை பொரியும். புழு முதலில் சாப்பிடுவது தன் முட்டை ஓட்டையே! அப்புறம் கறுப்பும் வெள்ளையுமாக, அசல் காக்கா எச்சம் மாதிரி இலை மேல் கிடக்கும். எச்சத்தை எந்தப் பறவையாவது கொத்துமா? நாலு தடவை தோல் உரித்ததும் பச்சைச் சட்டைக்கு மாறிவிடும். சீண்டினால், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு கொம்பை நீட்டும். கூடவே ஒரு வாடை... அதுதான் அய்யாவோட ஆயுதம்!

இனி என் கதை. செகண்ட் இயரில் அப்படி ஒரு பச்சைப் புழு சிக்கியது. காற்றில் இலை ஆடிக்கொண்டே இருந்ததால் ஒரு படமும் தேறவில்லை. 'நமக்குத்தான் மூளை இருக்கே' என்று கிளையை ஒடித்து, ரூமில் தண்ணி பாட்டிலில் சொருகி, டேபிள் லேம்ப் வெளிச்சத்தில் எடுத்தேன். படம் சூப்பர்! புழுவின் கால் எல்லாம் எண்ணலாம். ரூம்மேட்ஸ் கைதட்டினார்கள். மறுநாள் காலையில் பாட்டில் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது புழு. வாய் திறந்த பாட்டில், தவறி விழுந்திருக்கிறது. அன்றைக்கு மெஸ்ஸில் சாம்பாரில் கறிவேப்பிலையைப் பார்க்கவே என்னமோ மாதிரி இருந்தது.

அடுத்த தடவை கிளையை ஒடிக்கவில்லை. இலை ஆடாமல் இருக்க, காம்பைத் துணி கிளிப்பால் பக்கத்துக் குச்சியோடு மெதுவாகச் சேர்த்துப் பிடித்தேன். ஃபிளாஷுக்குப் பதில் ஒரு வெள்ளைத் தாள். வெயில் அதில் பட்டு இலைக்கு அடியில் வெளிச்சம் கொடுத்தது. வெறும் செல்போன் கேமராதான். தினமும் ஒரே நேரம், ஒரே இலை, ஒரு படம். முடிந்ததும் கிளிப்பைக் கழற்றிவிட்டு வந்துவிடுவேன்.

12 நாள், 12 படம். 13-ம் நாள் இலை காலி! கூட்டுப்புழுவாக மாற வேறு இடம் தேடிப் போனதா, குருவி கொத்திப் போனதா... தெரியாது.

என் லேப்டாப்பில் இப்போது ரெண்டு ஃபோல்டர். ஒன்றில் அந்த சூப்பர் படம். இன்னொன்றில் முடிவு தெரியாத, கொஞ்சம் கலங்கலான 12 படங்கள். யாராவது கேட்டால் நான் எதைத் திறந்து காட்டுவேன், சொல்லுங்க பார்ப்போம்?