பாத்தி உறுதியானால்தான் தொழில் நிலைக்கும்

தை பிறந்து மழைத் தண்ணீர் வடிந்ததும் மரக்காணம் உப்பளங்களில் முதலில் நடக்கிற வேலை உப்பு வாருவது அல்ல, சேறு வாருவது. மழை கொண்டுவந்து போட்ட வண்டலை அகற்றுகிறார்கள். உடைந்த வரப்புகளைக் கட்டுகிறார்கள். பிறகு பாத்தியின் களிமண்ணைப் பதம் பார்த்து, நாள்கணக்கில் காலால் மிதித்து இறுக்குகிறார்கள். இந்த நாட்களில் ஒரு படி உப்புகூடக் கிடைக்காது. ஆனால் அந்த வருஷத்து விளைச்சல் முழுவதும் இந்த மிதியில்தான் இருக்கிறது.

நஞ்சை விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேற்றுழவு சரியாக இல்லாத வயலில் தண்ணீர் நிற்காது. உப்புப் பாத்தியும் அப்படித்தான்.

கணக்கைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். 1,000 லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிலோ உப்புகள் கரைந்துள்ளன. அதில் நாம் சாப்பிடும் உப்பு ஏறக்குறைய 27 கிலோ. பாமே மானியில் கடல் நீர் 3 அல்லது 3.5 டிகிரி காட்டும். வெயிலிலும் காற்றிலும் வற்றி 25 டிகிரி வந்த பிறகே உப்பு பூக்கும். அதற்குள் நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிவிடும். பாத்தியின் தரை ஒழுகினால், இத்தனை நாள் வெயிலில் சேர்த்த சொத்து மண்ணுக்குள் போய்விடும். தரை இளகியிருந்தால் பலகையோடு களிமண்ணும் சேர்ந்து வரும். உப்பு கறுக்கும், விலையும் இறங்கும்.

நீரின் பதம் அறிவதும் அடித்தளமே. 13 டிகிரிக்கு மேல் ஜிப்சம் படியத் தொடங்குகிறது. அது முன் பாத்திகளிலேயே தங்கிவிட வேண்டும். 30 டிகிரியை நெருங்கும் நீரை வெளியேற்றாவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். மூட்டையில் நீர் கசியும். கழிமுகத்து நீரானாலும் நிலத்தடி உவர்நீரானாலும் தொடங்கும் டிகிரிதான் மாறும். உப்பு பூக்கும் டிகிரி மாறாது. அனுபவசாலிகள் இதைக் கண்ணாலும் கையாலும் அறிவார்கள். தொழிலுக்கு வரும் இளைஞர்கள் மானியையும் படிக்க வேண்டும். பெரியவர்களின் கையையும் பார்த்துப் பழக வேண்டும். முதல் இரண்டு மூன்று வருஷம் வருமானத்தைவிட இந்தப் பயிற்சியே பெரிது.

ஆனால், 'அடித்தளத்தைச் செம்மையாகப் போடு' என்று உழைப்பவனுக்கு மட்டும் உபதேசம் செய்வது நியாயமாகாது. உப்பளத்தில் பாடுபடுகிறவர்களில் பலருக்குப் பாத்தி சொந்தமல்ல. அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் ஒரு பக்கம். அவர்களிடம் கூலிக்கு மிதிப்பவர்கள் இன்னொரு பக்கம். அடுத்த வருஷமும் இந்தப் பாத்தி தன் கையில் இருக்குமா என்று தெரியாதவன், பத்து வருஷம் நிற்கும்படி வரப்பு கட்டுவானா? வாரத்துக்கு நிலம் உழுதவர்களுக்கு இந்தக் கேள்வியின் வலி தெரியும்.

அடுத்தது மழை. உற்பத்தி ஏறக்குறைய மாசி முதல் புரட்டாசி வரைதான். ஐப்பசி, கார்த்திகையில் அளம் முழுவதும் தண்ணீர். 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் இந்தக் கரையைத் தாக்கியது. 2024 நவம்பர் 30இல் 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. நெல் மூழ்கினால் பயிர்க் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. உப்புப் பாத்திக்கு அது கிடையாது. 'விளைகிறது' என்று நாம் சொன்னாலும், அரசுக் கணக்கில் உப்பு விவசாயமல்ல. அரசியல் சட்டத்தில்கூட அது மத்தியப் பட்டியலில், 58ஆவது இனமாகத் தனியே நிற்கிறது.

வேலையில்லாத மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் மூன்று மாதத்துக்கு அது அரிசிச் செலவுக்கே சரியாகிவிடும். பாத்தி கட்ட மிஞ்சாது.

எனவே இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று, சிறு உற்பத்தியாளருக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் நீண்ட காலக் குத்தகை தர வேண்டும். இரண்டு, உழவுக்குப் பயிர்க்கடன் தருவதுபோல, தை மாதத்திலேயே பாத்தி சீரமைப்புக்குக் குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் பாத்தி கட்டுகிறவன், உப்பு பூப்பதற்கு முன்பே விலை பேசும் உரிமையை இழந்துவிடுகிறான்.

நாமும் செய்ய வேண்டியது உண்டு. நல்ல வெயில் மாதங்களில் வாரும் சரக்கில் பத்து மூட்டைக்கு ஒரு மூட்டைப் பணத்தையாவது மழைக்கென்று ஒதுக்கி வைத்தால், கார்த்திகையில் கை நீட்ட வேண்டிய அவசியம் குறையும்.

பிள்ளைகள் இந்தத் தொழிலில் நிற்கவில்லையே என்று உப்பளத்துப் பெரியவர்கள் வருந்துகிறார்கள். நிற்பதற்குத் தரை உறுதியாக இருந்தால் நிற்பார்கள். பாத்தியை அவர்கள் மிதித்துக்கொள்வார்கள். குத்தகையையும் கடனையும் அரசு உறுதி செய்யட்டும்.